நல்ல போல்ட் அக்சன் வேட்டைத் துவக்கை எப்பிடிப் பாத்து எடுக்கிறது? (கனடா மச்சானுக்காகக் கேக்கிறன்)

கோண்டாவில்_லேத்

எல்லாருக்கும் வணக்கம். நான் 31 வருசமா லேத் பட்டறை வைச்சிருக்கிறன். தண்ணிப் பம்பின்ரை சாவ்ட், லான்ட்மாஸ்ரருக்குப் புஷ், போட் எஞ்சின் சாமான் எண்டு கையிலை வாறதைக் கடையிறதுதான் தொழில். துவக்கு என்ரை தொழில் இல்லை.

போன ஐப்பசி கார்த்திகையிலை ஒன்ராறியோவிலை தங்கச்சி வீட்டிலை நிண்டனான். தங்கச்சியின்ரை மனுசன் லைசென்ஸ் எடுத்துப்போட்டு, மான் வேட்டைக்கு ஒரு றைபிள் வாங்கவேணும் எண்டு என்னையும் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனவர். "மச்சான், இரும்பு உங்களுக்குத்தானே தெரியும், பாத்துச் சொல்லுங்கோ" எண்டார். ரெண்டைக் கையிலை தந்தாங்கள்.

ஒண்டு புதுசு: பின்லாந்துச் சாமான், ரிக்கா ரி3எக்ஸ், 308 வின்செஸ்டர் ரவை. பிளாஸ்ரிக் பிடங்கு, கிட்டத்தட்ட 3 கிலோதான் வரும். போல்ட்டை, அதுதான் குழலின்ரை பின்வாயைப் பூட்டித் திறக்கிற உருளையை, பின்னுக்கு இழுக்கேக்கை எண்ணெய் பூசின சிலின்டருக்குள்ளை பிஸ்டன் போறமாதிரிப் போச்சுது. கைபிடியை 70 பாகைதான் தூக்கவேணும், அதாலை மேலை ஸ்கோப் இருந்தாலும் விரல் இடிக்காது.

மற்றது பழசு: வின்செஸ்டர் மொடல் 70, 1964க்கு முந்தினது, 30-06 ரவை. வால்நட் மரப் பிடங்கு, கையிலை எடுத்தவுடனை மனம் அதோடை போட்டுது. போல்ட் கொஞ்சம் ஆட்டம். ஆனால் முன்னுக்குத் தள்ளிப் பூட்டினவுடனை ஆட்டம் இல்லை, கல்லுமாதிரி நிண்டுது.

அண்டைக்கு ஒண்டும் வாங்கேல்லை. நான் இங்கை வந்திட்டன். இப்ப மனுசன் வட்ஸ்அப்பிலை ஒவ்வொரு நாளும் கேக்கிறார். என்ரை அளவுகோல் ஒண்டுதான்: லேத்திலை ஒரு சாமானைக் கழட்டித் திருப்பிப் பூட்டினால் அது முந்தி நிண்ட இடத்திலையே வந்து நிக்கவேணும். நிக்காட்டி அந்தச் சக் (சாமானைப் பிடிக்கிற தலை) எவ்வளவு விலை எண்டாலும் எனக்கு வேண்டாம். துவக்குக்கும் இது பொருந்துமோ? தெரிஞ்சவை சொல்லுங்கோ.

காரைநகர்_பனிக்காடு

அண்ணை, நான் 12 வருசமா ஒன்ராறியோவிலை மான் வேட்டைக்குப் போறனான். இப்ப அம்மாவைப் பாக்க ஊரிலை நிக்கிறன். நீங்கள் சொன்ன அளவுகோல்தான் சரியான அளவுகோல். கடைக்காரர் கனபேர் அதைச் சொல்லமாட்டினம்.

கடையிலை "ஒரு எம்ஓஏ உத்தரவாதம்" எண்டு சொல்லுவினம். ஒரு பாகையை 60 ஆப் பிரிச்சால் வாற ஒரு பங்குதான் அது. 100 யாரிலை ஒரு அங்குலத்துக்குச் சற்று மேலை, 100 மீற்றரிலை 29 மில்லிமீற்றர். அதாவது மூண்டு வெடியும் அந்த வட்டத்துக்குள்ளை விழவேணும். நல்லதுதான். ஆனால் அந்த மூண்டு வெடியையும் சுடுதளத்திலை, மேசையிலை, மணல்மூட்டைக்கு மேலை துவக்கை வைச்சு, குழல் சூடான பிறகு சுடுறம்.

காட்டிலை அப்பிடி இல்லை. விடிய நாலு மணித்தியாலம் மரத்தடியிலை குந்தியிருப்பம். குழல் பனிமாதிரிக் குளிர்ந்து கிடக்கும். மான் வந்தால் ஒரு வெடிதான். அந்த முதல் வெடி, குளிர்ந்த குழலிலை இருந்து போற வெடி, எங்கை விழுது? போன சனி விழுந்த இடத்திலையே இந்தச் சனியும் விழுதோ? வேட்டைத் துவக்குக்கு நான் கேக்கிற முதல் கேள்வி அதுதான். மானின்ரை நெஞ்சுப் பகுதி, இருதயமும் சுவாசப்பையும் இருக்கிற இடம், 8 அங்குல வட்டம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. எல்லா வெடியையும் அரை அங்குலத்துக்குள்ளை குழுவாப் போடுற துவக்கு உதுக்குத் தேவை இல்லை. ஒவ்வொரு நாளும் ஒரே இடத்திலை அடிக்கிற துவக்குத்தான் வேணும்.

ரிக்காவை எடுக்கச் சொல்லுங்கோ. நான் வைச்சிருக்கிறதும் அதுதான்.

பழைய_வாத்தியார்

அன்பர்களே, நான் யாழ்ப்பாணத்தில் 34 ஆண்டுகள் கற்பித்தவன். இந்த ஊரில் துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே இரவில் எழுந்து உட்காரும் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள். என் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேரைத் துவக்கால் இழந்தேன் என்று எண்ணிப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை. "மரப் பிடங்கு, மனம் போட்டுது" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது நெஞ்சு வலித்தது. இதை இங்கே கதைக்கத்தான் வேண்டுமா?

கோண்டாவில்_லேத்

ஐயா, உங்கடை சொல்லுக்குத் தலை குனியிறன். என்ரை வீட்டிலையும் ஒரு படம் மாலையோடை தொங்குது. 87இலை அண்ணா.

ஆனால் ஐயா, மச்சான் வாங்கப்போறது வாங்கப்போறதுதான். தெரியாமல் ஒண்டை வாங்கி, மானைக் காயப்படுத்தி அது காட்டுக்குள்ளை ரெண்டு நாள் துடிச்சுச் சாகிறதை விட, தெரிஞ்சு வாங்கட்டும் எண்டுதான் கேக்கிறன். மனம் போட்டுது எண்டு எழுதினது மரவேலையை. அந்த வால்நட்டைச் செதுக்கினவன் ஒரு நல்ல தொழிலாளி. அதை நான் மறைக்கேல்லை.

ஒட்டுசுட்டான்_கமக்காரன்

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் இப்ப நல்லூரிலை இருக்கிறன், வயல் ஒட்டுசுட்டானிலை. எங்களிட்டை லைசென்ஸ் சொட்கன் இருக்கு, பண்டி காவலுக்கு. இங்கத்தைத் துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டினது, லைசென்ஸை வருசா வருசம் புதுப்பிக்கவேணும். மான், மரையிலை கை வைக்கேலாது, அதுக்கு 1937ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் இருக்கு. ஆனபடியாலை இந்த இழையைப் பாத்து இங்கை ஒருத்தரும் றைபிள் தேடி வெளிக்கிட வேண்டாம். கனடாக் கதை கனடாவிலை இருக்கட்டும்.

லேத் அண்ணைக்கு ஒரு அனுபவம் சொல்லுறன். துவக்கைக் கெடுக்கிறது சுடுறது இல்லை, கறள். எங்கடை பக்கம் மாரிக்கு வாடைக்காத்து அடிக்கத் தொடங்கினால் ஒரு கிழமையிலை குழலின்ரை வாயிலை சிவப்புப் பூக்கும். அப்பு நல்லெண்ணெய் பூசுவார். அது காய்ஞ்சு பிசின் மாதிரிப் பிடிச்சு, ஒருக்கால் சேஃப்டியே அசையாமல் போட்டுது. அண்டையிலை இருந்து வீட்டிலை சமையல் எண்ணெய் துவக்குக்குக் கிட்டவும் போறேல்லை. பழைய துவக்கு வாங்கிறதெண்டால் மரமும் இரும்பும் சேருற கோட்டுக்குக் கீழை பாருங்கோ. வெளியிலை கண்ணாடி மாதிரி மினுங்கும், உள்ளை கறள் தின்னிருக்கும்.

மொறட்டுவைப்_பொடியன்

அண்ணைமாருக்கு வணக்கம், நான் மெக்கானிக்கல் படிக்கிறன், ஊர் உரும்பிராய்.

மூண்டு வெடிக் குழுவைப் பற்றி ஒண்டு. மூண்டு தேங்காய் உடைச்சு மூண்டும் முற்றல் எண்டால் தோட்டம் முழுக்க முற்றல் எண்டு சொல்லேலுமே? மூண்டு வெடியிலை ஒருக்கால் அரை அங்குலம் வரும், அதே துவக்கு அடுத்தமுறை ஒண்டரை அங்குலம் தரும். சாக்கோ எண்ட றைபிளும் ரிக்காவும் ஒரே தொழிற்சாலைதான், பின்லாந்து ரிஹிமாக்கி. ரிக்காவுக்கு மூண்டு வெடிக்கு ஒரு எம்ஓஏ எண்டு உத்தரவாதம் குடுக்கிறவை, சாக்கோவுக்கு ஐஞ்சு வெடிக்குக் குடுக்கினம். ஐஞ்சு வெடிக்குச் சொல்லுறது எவ்வளவோ கடினம்.

லேத் அண்ணை, நீங்கள் பாத்த மொடல் 70 இன்ரை பின்னணியைச் சொல்லுறன். அதின்ரை தாய் 1898ஆம் ஆண்டு ஜேர்மன் மவுசர். போல்ட்டின்ரை முன்தலையிலை ரெண்டு காது, லக் எண்டு சொல்லுறது. பூட்டேக்கை அது ரெண்டும் றிசீவருக்குள்ளை, அதுதான் போல்ட் ஓடுற இரும்புக் கூட்டுக்குள்ளை, இருக்கிற பள்ளத்திலை போய்ச் சிக்கும். வெடியின்ரை அமுக்கம் முழுக்க அந்த ரெண்டு காதும்தான் தாங்கும். மவுசரிலை காவலுக்கு மூண்டாவது காது பின்னுக்கு ஒண்டு. பக்கத்திலை நீளமான ஒரு நகம் இருக்கும். ரவை மகசினை விட்டு வெளிக்கிடேக்கையே அந்த நகம் அதின்ரை விளிம்பைப் பிடிச்சிடும். பாதியிலை போல்ட்டை நிப்பாட்டினாலும், துவக்கைத் தலைகீழாப் பிடிச்சாலும் ரவை விழாது. வின்செஸ்டர் 1936இலை மொடல் 70ஐ விடேக்கை உந்த நகத்தைத்தான் தாங்களும் வைச்சவை. 1964இலை செலவைக் குறைக்க நகத்தை விட்டிட்டுத் தள்ளுற முறைக்கு மாறிச்சினம், ஆக்கள் கோவிச்சதாலைதான் "64க்கு முந்தினது" எண்டால் இண்டைக்கும் விலை கூட. 90களிலை திரும்ப நகம் வந்தது.

ரிக்கா தள்ளுற முறை. ரவையைப் போல்ட் முன்னுக்குத் தள்ளிக்கொண்டு போகும், கடைசியிலைதான் சின்ன நகம் பிடிக்கும். என்ரை மனம் மவுசர் பக்கம்தான்.

காரைநகர்_பனிக்காடு

தம்பி, தலைகீழா நிண்டு மான் சுடுறவனை நான் காணேல்லை. 12 வருசத்திலை ஒருக்கால் எண்டாலும் ரிக்கா ரவையைச் சிக்கவைக்கேல்லை. கரடி திரும்பிப் பாயிற இடத்திலை, பதட்டத்திலை போல்ட்டைப் பாதியிலை இழுத்திட்டுத் திரும்பத் தள்ளினால் ரெண்டு ரவை ஒண்டோடை ஒண்டு முட்டும், அதுக்கு நகம் நல்லது, ஒத்துக்கொள்ளுறன். மானுக்கு அது பெரிய விசயம் இல்லை.

மொறட்டுவைப்_பொடியன்

சேஃப்டியையும் பாருங்கோ அண்ணை. மொடல் 70க்கு மூண்டு நிலை. நடு நிலையிலை ரவையைக் குத்துற ஊசி பூட்டிக் கிடக்கும், ஆனால் போல்ட்டைத் திறந்து ரவையை வெளியிலை எடுக்கலாம். ரிக்காவிலை சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டுப்படும். ரவையை எடுக்கிறதெண்டால் சேஃப்டியை விடவேணும். பின்னேரம் கை விறைச்சுக் களைச்சுப்போய்த் துவக்கை வெறுமையாக்கிற நேரம்தான் ஆபத்தான நேரம் எண்டு நான் நினைக்கிறன்.

காரைநகர்_பனிக்காடு

உது நியாயமான குறை. என்னட்டைப் பதில் இல்லை. வாயைப் பாதுகாப்பான பக்கம் காட்டிக்கொண்டு, விரலை விசைக்கு வெளியிலை வைச்சுக்கொண்டு எடுக்கிறன்.

மீசாலை_அக்கா

எல்லாரும் நகத்தையும் காதையும் கதைக்கிறியள். கோண்டாவில் அண்ணை, உங்கடை தங்கச்சி வீட்டிலை பிள்ளையள் இருக்கினமோ? என்ரை தம்பி 9 வயசிலை, பக்கத்து வீட்டுக் கோடிக்குள்ளை கிடந்த ஒரு சாமானை எடுத்து விளையாடித்தான் கையை இழந்தவன். அது துவக்கு இல்லை, ஆனால் வளர்ந்த ஆக்கள் ஒளிச்சுவைச்ச சாமான்தான். நல்ல துவக்கு எண்டு ஒண்டு இருக்கெண்டால் அது எங்கை, எப்பிடி இருக்கு எண்டதும் அதுக்குள்ளை வராதோ? அலுமாரித் திறப்பைத் தங்கச்சியிட்டைக் குடுத்துவைக்கச் சொல்லுங்கோ.

கோண்டாவில்_லேத்

அக்கா, ரெண்டு பிள்ளையள், 6 வயசும் 11 வயசும். உங்கடை கேள்வியை அப்பிடியே மச்சானுக்கு அனுப்பிப்போட்டன்.

காரைநகர்_பனிக்காடு

அக்கா கேட்டது முக்கியம். அதுக்கு ஆறுதலாப் பதில் எழுதுறன்.

கனடாவிலை லைசென்ஸ் எடுக்க முதல் பாதுகாப்புப் பாடநெறி படிச்சு எழுத்துச் சோதினையும் கைச்சோதினையும் பாஸ் பண்ணவேணும். முதல்தரம் விண்ணப்பிக்கிற ஆளுக்குக் குறைஞ்சது 28 நாள் காத்திருப்பு. படிவத்திலை மனைவி, புருசன், கூட வாழுற ஆள் ஆர் எண்டு கேக்கும், அவைக்குத் தெரியாமல் எடுக்கேலாது. வீட்டிலை வைக்கிறது வெறுமையாத்தான், அதுவும் விசைப்பூட்டுப் போட்டு, அல்லது இலகுவிலை உடைக்கேலாத அலுமாரிக்குள்ளை பூட்டி. ரவையும் கைக்கெட்டக்கூடாது, இல்லையெண்டால் அதையும் பூட்டவேணும்.

திறப்பைத் தங்கச்சியிட்டைக் குடுக்கிறது மட்டும் சரிவராது அக்கா. அவவுக்கு லைசென்ஸ் இல்லையெண்டால் துவக்கு அவவின்ரை கைக்கும் எட்டக்கூடாது. திறப்பு லைசென்ஸ் உள்ள ஆளோடைதான். நான் இலக்கப் பூட்டு வைச்சிருக்கிறன், இலக்கம் என்ரை மண்டைக்குள்ளை மட்டும். அலுமாரிக்குத் துவக்கின்ரை விலையிலை கால்வாசி போனது. ஸ்கோப்புக்கு முதல் அலுமாரியை வாங்கச் சொல்லுங்கோ.

மீசாலை_அக்கா

நன்றி தம்பி. அது சரி.

கோண்டாவில்_லேத்

பழைய மொடல் 70ஐ வாங்கிறதெண்டால் என்னத்தைப் பாக்கவேணும் எண்டு நான் எழுதிவைச்சிருக்கிறன். பிழையெண்டால் திருத்துங்கோ.

முதல், ஆணித் தலையள். வெட்டு பிய்ஞ்சு கிடந்தால் ஆரோ சரியில்லாத திருப்பாணியாலை கழட்டியிருக்கிறான். ஏன் கழட்டினவன் எண்டு கேக்கவேணும். ரெண்டாவது, குழலின்ரை வாய். சன்னம் கடைசியாத் தொடுற இடம் அதுதான், அதிலை ஒரு பக்கம் மட்டும் தட்டுப்பட்டிருந்தால் சன்னத்தை அது சரிச்சு விடும். பஞ்சுக் குச்சியை உள்ளை விட்டு வெளியிலை இழுத்தால், பிசிறு இருக்கிற இடத்திலை பஞ்சு நூல் சிக்கும். நான் புஷ் கடைஞ்சாலும் அப்பிடித்தான் பாக்கிறனான். மூண்டாவது, அந்த ரெண்டு காதும். கடைக்காரன் விட்டால் புளூ மை பூசிப் பூட்டித் திறந்து பாக்கலாம். ரெண்டு காதிலையும் மை அழிஞ்சிருக்கவேணும். ஒண்டிலை மட்டும் அழிஞ்சால் பாரம் முழுக்க ஒரு பக்கம்தான் தாங்குது. நாலாவது, குழலுக்கும் பிடங்குக்கும் இடையிலை ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பாக்கிறது. தடைப்படாமல் பின்னுக்கு வந்தால் குழல் தனிய மிதக்குது. மரம் ஈரத்துக்கு ஊதும், வெய்யிலுக்குச் சுருங்கும். மரம் குழலிலை முட்டினால் ஐப்பசியிலை ஒரு இடத்திலை அடிக்கும், மாசியிலை வேறை இடத்திலை அடிக்கும்.

திருப்பி வந்து அதே இடத்திலை நிக்கிற சங்கதியை இதுதான் குழப்பும் எண்டு நினைக்கிறன்.

காரைநகர்_பனிக்காடு

திருத்த ஒண்டும் இல்லை, சேர்க்க ஒண்டு: சேம்பரின்ரை, அதுதான் ரவை போய் இருக்கிற அறையின்ரை, நீளம். அதைக் கண்ணாலை பாக்கேலாது. துவக்குத் திருத்துற ஆளிட்டை கோ, நோ-கோ கேஜ் இருக்கும். கோ கேஜிலை போல்ட் பூட்டவேணும், நோ-கோவிலை பூட்டக்கூடாது. பழசு எண்டால் காசு குடுக்க முதல் அதைச் செய்விச்சே தீரவேணும்.

கோண்டாவில்_லேத்

கோ, நோ-கோ எங்கடை பட்டறையிலையும் இருக்கு! உது உடனை விளங்கினது.

ஒட்டுசுட்டான்_கமக்காரன்

அந்தக் காலத்துப் பொலிசிட்டை இருந்த 303க்கும் உந்தக் காது முன்னுக்கோ?

மொறட்டுவைப்_பொடியன்

இல்லை அண்ணை. 303 லீ என்பீல்டுக்குப் பூட்டுக் காது போல்ட்டின்ரை பின்பக்கம். போல்ட்டைத் தள்ளிப் பூட்டேக்கைதான் ஊசிச் சுருள் இறுகும், மவுசரிலை திறக்கேக்கை இறுகும். பின்னுக்குப் பூட்டுறதாலை வெடிக்கேக்கை போல்ட் ஒரு மயிரிழை சுருங்கும், ஆனால் இழுத்துத் தள்ளச் சரியான கெதி. மகசின் 10 ரவை.

ஒரு சுவையான தொடர்பு இருக்கு. கனடாவின்ரை வடக்குப் பனிப் பிரதேசத்திலை றேஞ்சர்ஸ் எண்டு ஒரு படைப்பிரிவு, 1947இலை இருந்து. அவையின்ரை கையிலை எத்தினையோ வருசமா இருந்தது இதே லீ என்பீல்ட். அதுக்குப் பதிலா இப்பக் குடுத்திருக்கிற சி19 எண்ட துவக்கு எது தெரியுமோ? லேத் அண்ணை கடையிலை தூக்கிப் பாத்த ரிக்கா ரி3எக்ஸ்தான், 308 ரவைதான். கிச்சினரிலை இருக்கிற கோல்ட் கனடா செய்து குடுத்தது. வெள்ளைக்கரடி வாற இடத்திலை குடுக்கிறாங்கள் எண்டால் தள்ளுற முறையைப் பற்றி நான் சொன்னதைக் கொஞ்சம் பின்வாங்கத்தான் வேணும்.

காரைநகர்_பனிக்காடு

தம்பி நேர்மையான பொடியன்.

லேத் அண்ணை, மச்சானுக்கு இன்னும் ரெண்டு விசயம். குழலைத் துடைச்சு எண்ணெய் விட்டு வைச்சால், முதல் வெடிக்கு முதல் உலர்ந்த துணி விட்டு எண்ணெயை எடுக்கவேணும். எண்ணெய்க் குழலிலை போற முதல் வெடி விலகும். அதோடை, மைனஸ் 15இலை நிண்டிட்டுச் சூடான வீட்டுக்குள்ளை துவக்கைக் கொண்டுவந்தால் ஐஸ் தண்ணிப் போத்தல் மாதிரி வேர்க்கும், உள்ளையும் வேர்க்கும். பையோடையே மெல்ல மெல்லச் சூடேற விட்டு, பேந்து கழட்டித் துடைக்கவேணும்.

இன்னொண்டு, ஆர் சொன்னாலும் மச்சான் பாரம் குறைஞ்ச துவக்குக்கு 30-06 எடுக்க வேண்டாம். 3 கிலோத் துவக்கிலை அது தோளைப் பதம் பாக்கும். தோள் நொந்தால் கண் தானாச் சிமிட்டும், விரல் விசையைப் பிடுங்கும். பழக்கம் இல்லாத ஆளுக்கு 308 போதும், 6.5 கிரீட்மூர் ரவை தோளுக்கு இன்னும் மெத்தை. தென் ஒன்ராறியோவிலை சில இடங்களிலை மானுக்கு இப்பிடியான றைபிள் விடமாட்டாங்கள். எந்த இடத்திலை வேட்டைக்குப் போறார் எண்டதை முதல் பாத்திட்டு வாங்கச் சொல்லுங்கோ.

கோண்டாவில்_லேத்

ஒன்பது கிழமைக்குப் பிறகு எழுதுறன்.

மச்சான் முதல் அலுமாரியை வாங்கினார், இலக்கப் பூட்டோடை, நிலவறைச் சுவரிலை ஆணி அடிச்சு இறுக்கி. பிறகு பழைய மொடல் 70ஐத் துவக்குத் திருத்துற ஆளிட்டைக் காட்டினவர். நோ-கோ கேஜிலை போல்ட் பூட்டிச்சுது. சேம்பர் நீண்டிட்டுது. அந்த வால்நட் மரம் இன்னும் என்ரை கண்ணுக்குள்ளைதான் நிக்குது, ஆனால் வேண்டாம் எண்டன்.

ரிக்கா 308 எடுத்தார். ஒரு பெட்டி ரவையிலை ஸ்கோப்பைச் சரிப்பண்ணிப்போட்டு, பனிக்காடுத் தம்பி சொன்னமாதிரி ஒரு பரீட்சை வைச்சம். ஒவ்வொரு சனியும் விடிய சுடுதளத்துக்குப் போறது. குளிர்ந்த குழலிலை 100 யாரிலை ஒரே ஒரு வெடி. அந்தக் காகிதத்தைக் கழட்டி மடிச்சுவைச்சு, அடுத்த சனி அதே காகிதத்தை ஒட்டித் திரும்ப ஒரு வெடி. ஐஞ்சு சனி, ஐஞ்சு ஓட்டை. நேற்றுப் படம் வந்தது. நான் வேர்னியரைத் திரையிலை வைக்கேலாது, மச்சானை ஸ்கேல் வைச்சுப் படம் எடுக்கச் சொன்னன். ஆகத் தூரமான ரெண்டு ஓட்டைக்கு இடையிலை ஒண்டே கால் அங்குலம். நாலாவது ஓட்டைதான் கொஞ்சம் வலப்பக்கம். அண்டைக்குச் சரியான காத்து எண்டார்.

காரைநகர்_பனிக்காடு

அண்ணை, ஐஞ்சு வெவ்வேறு நாள் முதல் வெடி ஒண்டே கால் அங்குலத்துக்குள்ளை எண்டால் அந்தத் துவக்கையும் ஸ்கோப்பையும் இனிக் கழட்ட விடாதேங்கோ. இந்த வருசம் மான் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் துவக்கிலை பிழை இல்லை.

பழைய_வாத்தியார்

முழுவதையும் வாசித்தேன். அலுமாரி முதலில் வந்தது எனக்கு ஆறுதல். மீசாலைப் பிள்ளையின் தம்பி இப்போது என்ன செய்கிறார்?

மீசாலை_அக்கா

சாவகச்சேரியிலை கடை வைச்சிருக்கிறான் ஐயா. ஒரு கையாலை தராசு பிடிப்பான். நீங்கள் கேட்டதா நாளைக்குச் சொல்லுறன்.